வானத்து விருந்தாளியை முதலில் கண்டவர்கள்



வானில் வால் நட்சத்திரம் தோன்றினால் நாட்டுக்கு ஆகாது என்பது நம் முன்னோரிடையே வெகுகாலமாக வழங்கி வந்த நம்பிக்கை. தூமகேது என்று அதற்கொரு பெயர். தூமம் என்றால் புகை. கேது என்றால் கொடி. புகையைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு வருகிற அந்தப் புதியவனைக் கண்டால் அரசன் மடிவான், பஞ்சம் வரும், கொள்ளை நோய் பரவும் என்றெல்லாம் மக்கள் கலங்கினார்கள்.

இந்தக் கலக்கம் நம்மவரிடம் மட்டும் இருந்ததன்று. 1910ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹாலி வால் நட்சத்திரம் வந்தது. அந்த மாதம் 6ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு காலமானார். போதாதா? மே 18, 19ஆம் நாட்களில் பூமி அந்த வாலின் ஊடே செல்லப் போகிறது என்றும், வாலில் நச்சுவாயு இருக்கிறது என்றும் செய்தி பரவியது. நன்றாகப் படித்த நாடுகளிலேயே கதவு இடுக்கையும் சாவித் துவாரத்தையும் துணியால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். வால் நட்சத்திர நோய்க்கு மருந்து என்று மாத்திரை விற்றுக் காசு பார்த்தவர்களும் இருந்தார்கள். அந்த இரவுகள் கழிந்தன. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. அந்த வால் அவ்வளவு மெல்லியது. நாம் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

வால் நட்சத்திரம் என்பது உண்மையில் நட்சத்திரமே அன்று. பனிக்கட்டியும் தூசியும் கலந்து இறுகிய ஓர் உருண்டை. ஹாலி வால் நட்சத்திரத்தின் நடுக்கட்டி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ளது என்பதை 1986ஆம் ஆண்டில் ஜியோட்டோ என்னும் விண்கலம் அருகே சென்று படம் பிடித்துக் காட்டியது. அந்தக் கட்டி சூரியனை நெருங்கும்போது சூடேறி ஆவியும் தூசியும் கிளம்புகின்றன. சூரியனின் ஒளியும் அதிலிருந்து வீசும் துகள்களும் அவற்றைப் பின்னே தள்ளுகின்றன. அதுதான் வால். ஆகவே வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும்.

இவற்றையெல்லாம் மனிதன் எப்படித் தெரிந்துகொண்டான்? பெரிய பெரிய மேதைகள் கண்டு சொன்னார்கள் என்று நாம் பொதுவாக விடை கூறுவோம். அது பாதி விடைதான். மறு பாதியில் குடியானவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இன்று அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் டென்மார்க்கு நாட்டுக்குப் போவோம். 1572ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் மாலை. டைக்கோ பிராகே என்னும் இளம் பிரபு இரவு உணவுக்காக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சிறு வயதிலிருந்தே வானத்தைப் பார்த்துப் பழகியவர் அவர். தலைக்கு மேலே, காசியோப்பியா என்னும் விண்மீன் கூட்டத்தில், முன்பு இல்லாத ஒரு நட்சத்திரம் வெள்ளிக்கோளைப் போலப் பளிச்சென்று நின்றது. அந்தக் காலத்துப் படிப்பின்படி விண்மீன் உலகத்தில் எதுவும் புதிதாகத் தோன்றவும் முடியாது, மறையவும் முடியாது. தம் கண்ணை நம்பாத டைக்கோ என்ன செய்தார் தெரியுமா? உடன் வந்த வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, "அதோ, அது உங்களுக்கும் தெரிகிறதா?" என்று கேட்டார். அவர்கள் தெரிகிறது என்றார்கள். அதோடும் விடாமல், அவ்வழியே வண்டியில் போன நாட்டுப்புற மக்களையும் நிறுத்திக் கேட்டார். அவர்களும் தெரிகிறது என்றார்கள். ஐரோப்பாவின் வானநூலையே புரட்டிப்போட்ட ஒரு செய்திக்கு முதல் சாட்சிகள் வேலைக்காரர்களும் வண்டிக்காரர்களுமே.

அந்த நட்சத்திரம் பகலிலும் தெரிந்தது. பிறகு மெல்ல மங்கி 1574இல் மறைந்தது. ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறுவதையே டைக்கோ கண்டார். இதைத்தான் இப்போது சூப்பர்நோவா என்கிறோம்.

அது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை அறிய டைக்கோ கையாண்ட வழியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்து மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறியது போல் தோன்றும். எட்டத்தில் உள்ள மரத்தை இப்படிப் பார்த்தால் அவ்வளவு மாற்றம் தெரியாது. கிட்டத்தில் உள்ளது அதிகம் நகரும்; எட்டத்தில் உள்ளது நகராது. 1577இல் ஒரு பெரிய வால் நட்சத்திரம் வந்தபோது, தாம் டென்மார்க்கில் எடுத்த அளவையும் பிராக் நகரில் வேறொருவர் எடுத்த அளவையும் டைக்கோ ஒப்பிட்டார். இரண்டு ஊர்களும் இரண்டு கண்களைப் போல. இரண்டு ஊர்களிலிருந்து பார்த்தும் அது ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. ஆகவே அது நம் தலைக்கு மேலே காற்றில் எரிகிற புகையன்று, நிலவுக்கும் அப்பால் வெகு தொலைவில் செல்வது என்று முடிவாயிற்று.

அடுத்து எட்மண்ட் ஹாலியின் கணக்கு. 1682இல் தாம் பார்த்த வால் நட்சத்திரமும், பழைய ஏடுகளில் 1531, 1607 ஆகிய ஆண்டுகளில் வந்ததாக எழுதியிருந்தவையும் ஒரே பாதையில் சென்றதை அவர் கவனித்தார். மூன்றும் ஒன்றுதான், ஏறக்குறைய 76 ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது, 1758ஆம் ஆண்டின் கடைசியில் மறுபடியும் வரும் என்றார். 1742இல் அவர் காலமாகிவிட்டார். சொன்னது பலிக்குமா என்று பார்க்க அவர் இல்லை.

1758 பிறந்தது. பாரிஸ் நகரில் கிளேரோ, லலாந்து என்னும் இரு கணித அறிஞர்களும், நிக்கோல் ரேன் லெபோத் என்னும் பெண்மணியும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வியாழன், சனி ஆகிய பெருங்கோள்களின் ஈர்ப்பு அதன் வழியைத் தாமதமாக்கும் என்று கண்டு, 1759 ஏப்ரல் நடுவில் அது சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்றார்கள். பாரிஸ் நகரத்து வானாய்வுக் கூடம் ஒன்றில் சார்ல்ஸ் மெஸ்ஸியே என்னும் இளம் எழுத்தர் இரவு தவறாமல் தேடினார். ஆனால் அவருடைய மேலதிகாரி வரைந்து கொடுத்த வரைபடம் பிழையானது. பாவம், அவர் வானத்தில் வேறொரு மூலையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகருக்கு அருகே புரோலிஸ் என்ற சிற்றூரில் யோஹான் பாலிட்ஸ் என்னும் குடியானவர் இருந்தார். பகலில் வயல் வேலை. மற்ற நேரத்தில் தாமாகவே கற்ற வானநூல். 1758 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஊரே பண்டிகை கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அவர் தம் தொலைநோக்கியைத் திருப்பினார். அங்கே மங்கலான ஒரு பஞ்சுப் பொதி போல அது தெரிந்தது. ஹாலி சொன்ன விருந்தாளி வந்துவிட்டது! முதன்முதலில் வரவேற்றவர் ஒரு விவசாயி. மெஸ்ஸியே அதைக் கண்டது ஏறக்குறைய நான்கு வாரங்கள் கழித்து, 1759 ஜனவரி 21ஆம் நாள்தான். அதையும் வெளியே சொல்லாதே என்று மேலதிகாரி தடுத்துவிட்டாராம். உத்தியோகத்தில் இருப்பவர்களின் சங்கடம் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான் போலும்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹாலியின் கணக்கு இல்லாவிட்டால் பாலிட்ஸ் கண்ட பஞ்சுப் பொதிக்கு அவ்வளவு பொருள் இருந்திருக்காது. பாலிட்ஸைப் போல் ஒருவர் பார்க்காவிட்டால் ஹாலியின் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்காகவே நின்றிருக்கும். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை.

மெஸ்ஸியேயையும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. 1758இல் வேறொரு வால் நட்சத்திரத்தைத் தொடர்ந்து சென்றபோது, ரிஷப ராசிப் பக்கம் ஒரு மங்கலான புகைத்திட்டைக் கண்டார். வால் நட்சத்திரமோ என்று ஐயுற்று அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தார். அது நகரவில்லை. வால் நட்சத்திரமானால் நகர வேண்டுமே? இப்படி ஏமாற்றுகிற பொருள்களைப் பட்டியல் போட்டு வைத்துவிட்டால் அடுத்தவர் ஏமாறமாட்டார் என்று எண்ணி நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் குறித்தார். அந்தப் பட்டியலின் முதல் பொருளைத்தான் நண்டு நெபுலா என்கிறோம். 1054ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் சீனர்கள் ஒரு நட்சத்திரத்தைக் கண்டு, விருந்தாளி நட்சத்திரம் என்று பெயரிட்டு, 23 நாட்கள் பகலிலும் தெரிந்தது என்று எழுதி வைத்தார்கள். வெடித்துப் போன அந்த நட்சத்திரத்தின் மிச்சமே மெஸ்ஸியேயை ஏமாற்றிய புகைத்திட்டு. வேண்டாத சாமான் என்று ஒதுக்கி வைத்த பட்டியலைத்தான் இன்று உலகமே பயன்படுத்துகிறது.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் அடுத்து வருவதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கேரலைன் ஹெர்ஷல் 1750இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை இராணுவ இசைக்குழுவில் வாத்தியம் வாசித்தவர். பத்து வயதில் வந்த கடுங்காய்ச்சல் கேரலைனின் வளர்ச்சியைத் தடுத்துவிட்டது. நாலேகால் அடி உயரத்தோடு நின்றுவிட்டார். இவளை யார் கட்டிக்கொள்வார்கள், வீட்டு வேலைக்கு இருக்கட்டும் என்று தாய் முடிவு செய்தார். மேலே படிக்க வைக்கவும் விரும்பவில்லை. இதைக் கேட்கும்போது ஏதோ கடல் கடந்த கதை போலவா இருக்கிறது?

1772இல் அண்ணன் வில்லியம் தங்கையை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் பாட்டுக் கற்றார். பிறகு அண்ணனுக்குத் துணையாக இரவெல்லாம் குறிப்பெழுதி, கணக்குப் போட்டு, வானநூலையும் கற்றார். 1786 ஆகஸ்டு 1ஆம் நாள் அண்ணன் வெளிநாடு சென்றிருந்த சமயம், தனியே வானத்தைத் துழாவியபோது ஒரு மங்கலான பொருளைக் கண்டார். மறுநாள் இரவு பார்த்தார், அது நகர்ந்திருந்தது. உடனே அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் அளித்தார். விஞ்ஞானப் பணிக்காக அந்நாட்டில் சம்பளம் பெற்ற முதல் பெண் அவரே. 1797க்குள் எட்டு வால் நட்சத்திரங்களைக் கண்டார். கடைசியாகக் கண்டதைக் கடிதத்தில் எழுதினால் நேரமாகும் என்று, ஒரே ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, குதிரையேறிப் போய் கிரீனிச்சிலிருந்த அரச வானியலாளரிடம் நேரில் சொன்னார். 97 வயது வாழ்ந்தார்.

பிரான்சின் மார்செய் நகரத்து வானாய்வுக் கூடத்தில் 1789இல் வாயிற்காவலராக வேலைக்குச் சேர்ந்த ழான் லூயி பான்ஸ் 1801 முதல் 1827 வரை 37 வால் நட்சத்திரங்களைக் கண்டார் என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம். கண்ணால் பார்த்துத் தேடியவர்களில் அவரை மிஞ்சியவர் எவருமில்லை.

இனி ஜப்பானுக்கு வருவோம். இந்தப் பேச்சில் நாம் அதிக நேரம் தங்கப்போகும் இடம் இதுதான்.

ஹமமட்சு நகரம் பியானோ செய்வதற்குப் பேர் போனது. அங்கே ஒரு பியானோ ஆலையில் கவோரு இக்கேயா என்னும் இளைஞர் தொழிலாளியாக இருந்தார். ஆலைச் சம்பளத்தில் நல்ல தொலைநோக்கி வாங்குவதென்பது நடக்கிற காரியமா? அவர் தாமே செய்துகொண்டார். தொலைநோக்கிக் கண்ணாடி செய்வது பொறுமையான வேலை. இரண்டு கனமான வட்டக் கண்ணாடிகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, இடையில் தேய்ப்புத் தூளும் நீரும் இட்டு, முன்னும் பின்னுமாக மணிக்கணக்கில், நாள்கணக்கில் தேய்க்க வேண்டும். மெல்ல மெல்ல ஒரு கண்ணாடி குழியும். குழிவு சரியாக அமைந்ததா என்று சோதித்து, மேலும் மெருகேற்றி, வெள்ளி அல்லது அலுமினியப் பூச்சு ஏற்ற வேண்டும். அப்படி 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடியைச் செய்து தொலைநோக்கியில் பொருத்தினார். பகலெல்லாம் ஆலை, விடியுமுன் வானம். 1963 ஜனவரி 2ஆம் நாள் அவருக்கு முதல் வால் நட்சத்திரம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 19.

ஏன் விடியுமுன்? வால் நட்சத்திரம் சூரியனை நெருங்க நெருங்கத்தான் ஒளி பெறும். ஆகவே சூரியன் மறைந்த சற்று நேரத்தில் மேற்கிலும், சூரியன் எழுமுன் கிழக்கிலும் தேடுகிறவருக்கே அது முதலில் அகப்படும். ஊர் தூங்குகிற அந்த நேரம்தான் நம் பால்மரத் தோட்டங்களில் பெரட்டுக்குப் புறப்படுகிற நேரமும்.

ஜப்பானின் இன்னொரு பகுதியில், கோச்சி நகரில், கித்தார் வாத்தியம் கற்றுக் கொடுத்துப் பிழைத்தவர் சுத்தோமு செக்கி. 1950இல் தேடத் தொடங்கியவருக்கு 1961இல்தான் முதல் வால் நட்சத்திரம் கிட்டியது. பதினோரு ஆண்டுகள்! நடுவில் எத்தனை இரவுகள் வெறுங்கையோடு படுக்கைக்குத் திரும்பியிருப்பார்?

1965 செப்டம்பரில் ஜப்பானைப் புயலொன்று தாக்கிச் சென்றது. புயலுக்குப் பின் வானம் கழுவி விட்டாற்போல் துலங்கியது. அந்த விடியலில் இக்கேயா தம் ஊரில் ஒரு புதிய பொருளைக் கண்டார். ஏறத்தாழ கால் மணி நேரத்துக்குள் செக்கியும் தம் ஊரில் அதையே கண்டார். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் தனித்தனியே தந்தி அடித்தார்கள். உலக வழக்கப்படி முதலில் கண்டவர்களின் பெயரே வால் நட்சத்திரத்துக்கு வரும். ஆகவே அது இக்கேயா-செக்கி என்று பெயர் பெற்றது.

கண்டதோடு வேலை முடிவதில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து பார்த்தபோது, எந்த நட்சத்திரங்களுக்கு நடுவே இருந்தது என்று துல்லியமாகக் குறிக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று நல்ல குறிப்புகள் இருந்தால் பாதையைக் கணிக்கத் தொடங்கலாம். குறிப்புகள் சேரச் சேரக் கணக்கு திருந்தும். இக்கேயா-செக்கியின் கணக்கு எல்லாரையும் திகைக்க வைத்தது. அது சூரியனை உரசிக்கொண்டு போகப் போகிறது என்று தெரிந்தது. அவ்வாறே 1965 அக்டோபர் 21ஆம் நாள், சூரியனின் மேற்பரப்பிலிருந்து ஐந்து லட்சம் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் அது வளைந்து சென்றது. நமக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைவிட அது சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்த வெப்பத்தில் அதிலிருந்த இரும்புகூட ஆவியாயிற்று. கட்டி மூன்று துண்டுகளாக உடைந்தது. நடுப்பகலில், சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு அதன் பக்கத்திலேயே வால் நட்சத்திரம் தெரிந்தது!

அந்த அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் விடியுமுன் கிழக்கு வானில் அதன் நீண்ட வால் எழுந்து நின்றது. நம் நாடு அமைந்திருக்கும் இடத்துக்கு, மேகம் மறைக்காவிட்டால், அது நன்றாகவே தெரியக்கூடிய காட்சி. வீட்டில் எழுபது, எண்பது வயதைக் கடந்த பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். உளியும் வாளியுமாக வெட்டுக் காட்டுக்கு நடந்தவர்களில் சிலராவது அதை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். என்ன கேடு வரப்போகிறதோ என்று சாமியைக் கும்பிட்டும் இருப்பார்கள். அதைக் கண்டுபிடித்தவர் தங்களைப் போல் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிற ஓர் ஆலைத் தொழிலாளி என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? யாரும் சொல்லாதது பெரிய குறை என்றே நாம் கருதுகிறோம். "வானத்தைப் பற்றியெல்லாம் நமக்கெதற்கு சார்?" என்று பிள்ளைகள் நம்மைக் கேட்கும்போதெல்லாம் இக்கேயாவின் பெயரைத்தான் கரும்பலகையில் எழுதுகிறோம்.

சூப்பர்நோவாவைத் தேடுவது இதைவிடக் கடினம். வால் நட்சத்திரம் நகரும், ஆகவே காட்டிக்கொடுத்துவிடும். வெடிக்கும் நட்சத்திரமோ நகராது. நேற்று அங்கே ஒன்றுமில்லை, இன்று இருக்கிறது என்பது மட்டுமே அடையாளம். ஆகவே நேற்று என்ன இருந்தது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ராபர்ட் இவான்ஸ் என்ற பாதிரியார் இருந்தார். நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் தோற்றத்தை அவர் மனத்தில் பதித்து வைத்திருந்தார். வரைபடம் பார்க்காமலே தொலைநோக்கியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்புவார். ஒரு புள்ளி அதிகமாக இருந்தால் கண்டுகொள்வார். இது மந்திரமன்று. தன் நிரையில் உள்ள அத்தனை மரத்தையும் ஒரு நல்ல பால்வெட்டுக்காரர் அறிவார் அல்லவா? எந்த மரத்தில் பட்டை காய்ந்தது, எந்த மரத்தில் பால் குறைந்தது, எங்கே மங்கு உடைந்தது என்பதை இருட்டிலேயே சொல்லுவார். அந்தக் கண்ணும் அந்த ஞாபகமும்தான். 1981 தொடங்கி நாற்பதுக்கு மேற்பட்ட சூப்பர்நோவாக்களை இவான்ஸ் கண்ணால் பார்த்தே கண்டார்.

1987 பிப்ரவரி 24ஆம் நாள் அதிகாலை, தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், லாஸ் கம்பானாஸ் மலைமீதுள்ள வானாய்வுக் கூடம். தொலைநோக்கியை இயக்கும் இரவுப் பணியாளர் ஆஸ்கார் துஹால்டே சற்று இளைப்பாற வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். தெற்கு வானில் பெரிய மெகெல்லன் மேகம் என்று ஒரு வெண்திட்டு உண்டு. அதில் புதிதாக ஒரு நட்சத்திரம் இருந்தது. பார்த்தார், உள்ளே போனார், வேலை மும்முரத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அதே இரவு, அதே மலையில், இயன் ஷெல்டன் என்னும் இளைஞர் அந்த வெண்திட்டை மூன்று மணி நேரம் படம் பிடித்தார். தட்டைக் கழுவிப் பார்த்தால் ஒரு பெரிய புள்ளி. தட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து, வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். உண்மைதான்! மற்றவர்களிடம் ஓடிப்போய்ச் சொன்னபோதுதான், "ஆமாம், நானும் பார்த்தேன்" என்றார் துஹால்டே. தொலைநோக்கி இல்லாமல் கண்ணால் காணக்கூடிய சூப்பர்நோவா 1604க்குப் பிறகு அப்போதுதான் வந்தது. அதை வெறுங்கண்ணால் முதலில் பார்த்தவர் அந்தப் பணியாளரே. நல்ல வேளையாகக் கண்டவர் வரிசையில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. நியூசிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்னும் ஆர்வலரும் அதைத் தனியே கண்டு தெரிவித்தார்.

அந்த வெடிப்பு நடந்த இடம் ஏறத்தாழ 1 லட்சத்து 68 ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அதாவது அந்த ஒளி புறப்பட்டு 1,68,000 ஆண்டுகள் கழித்தே நம்மை அடைந்தது. சூரியனைப்போல் பல மடங்கு எடையுள்ள நட்சத்திரம் தன் எரிபொருள் தீர்ந்ததும் தன் பாரத்தைத் தாங்க முடியாமல் உள்நோக்கி இடிந்து விழுகிறது. அந்த அதிர்ச்சியில் வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. அப்படி இடிந்து விழும்போது நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஏராளமாக வெளிப்படும் என்று விஞ்ஞானிகள் கணித்திருந்தனர். ஜப்பானின் காமியோக்கா சுரங்கத்தில், ஆயிரம் மீட்டர் ஆழத்தில், 3,000 டன் நீர் நிரப்பிய தொட்டியில் அவற்றில் 11 துகள்கள் சிக்கின; அதுவும் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னாலேயே! இந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய மசத்தோஷி கோஷிபாவுக்கு 2002இல் நோபெல் பரிசு கிடைத்தது. பூமியிலுள்ள இரும்பெல்லாம் நட்சத்திரங்களில் உண்டாகி, வெடிப்புகளில் சிதறி வந்ததுதான். பால்வெட்டும் உளியில் இருப்பது அந்த இரும்பு. நம் இரத்தத்தில் ஓடுவதும் அதுவே.

இப்போது காலம் மாறிவிட்டது. ஹவாய்த் தீவுகளிலும் பிற இடங்களிலும் தானியங்கித் தொலைநோக்கிகள் இரவெல்லாம் வானத்தைப் படம் பிடிக்கின்றன. கணினி நேற்றைய படத்தோடு இன்றையதை ஒப்பிட்டுப் புதியதைச் சொல்லிவிடுகிறது. புதிய வால் நட்சத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று மனிதர் பெயர் இல்லை, அந்தக் கருவிகளின் பெயர்தான். இது நமக்குச் சற்று வருத்தமே. ஆயினும் மனிதர்கள் ஒதுங்கிவிடவில்லை. 1995இல் ஹேல்-பாப் வால் நட்சத்திரத்தைக் கண்ட இருவரில் ஒருவரான தாமஸ் பாப், கட்டடப் பொருள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்; சொந்தமாகத் தொலைநோக்கி இல்லாமல் நண்பருடையதில் பார்த்தபோது கண்டார். 1995இல் ஏவப்பட்ட சோஹோ என்னும் விண்கலம் சூரியனைப் பிடித்து அனுப்பும் படங்களை, வீட்டிலிருந்தே ஆர்வலர்கள் பலர் ஆராய்ந்து வருகிறார்கள். 2024 மார்ச்சில் அந்தக் கணக்கு 5,000 வால் நட்சத்திரங்களைத் தொட்டது. அவற்றில் பெரும்பாலானவை, இக்கேயா-செக்கியைப் போலவே, முன்னொரு காலத்தில் உடைந்த ஒரு பெரிய வால் நட்சத்திரத்தின் துண்டுகள்.

நாம் வாழும் இடத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் வட வானமும் தென் வானமும் ஏறக்குறைய முழுவதும் நமக்குத் தெரியும். துஹால்டே பார்த்த மெகெல்லன் மேகத்தை இங்கிலாந்திலிருந்து பார்க்கவே முடியாது; நமக்கோ ஆண்டின் தொடக்க மாதங்களில், முன்னிரவில், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே அது நிற்கும். பட்டண வெளிச்சம் எட்டாத தோட்டங்களில் இருட்டும் நன்றாக இருக்கிறது. மழையும் மேகமும்தான் நமக்குப் பகை. ஆகவே மேகம் விலகிய இரவு கிடைத்தால் விடக்கூடாது. லயத்து விளக்குகளை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று, கண் இருளுக்குப் பழகக் கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் நாளும் நேரமும் போட்டு, கண்டதை வரைந்து வையுங்கள். பாட்டியும் பேரனும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஹாலி வால் நட்சத்திரம் மறுபடி வருவது 2061இல். இப்போது நம் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள்.

இக்கேயாவைப் பற்றி மீதியையும் சொல்லி விடுகிறோம். 1967க்குள் ஐந்து வால் நட்சத்திரங்களைக் கண்டவருக்கு அதன் பின் வெகுகாலம் ஒன்றும் கிட்டவில்லை. ஆயினும் அவர் தேடுவதை விடவில்லை. 2002 பிப்ரவரி 1ஆம் நாள் மாலை, 58ஆம் வயதில், மேற்கு வானில் ஒன்றைக் கண்டார். அன்றே சற்று நேரங்கழித்து, சீனாவின் ஹெனான் மாநிலத்தில் ஜாங் தாச்சிங் என்னும் ஆர்வலரும் அதைக் கண்டார். பாதையைக் கணித்துப் பார்த்தபோது, 1661இல் டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் பார்த்து எழுதி வைத்த அதே வால் நட்சத்திரம் 341 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்திருக்கிறது என்று தெரிந்தது. அது இப்போது சூரியனை விட்டு விலகிச் சென்றுகொண்டிருக்கிறது; இனி வருவது 24ஆம் நூற்றாண்டில்.